புதுப்பிப்பு: ஸ்கா குழுவுக்கு பேஸ் ஆம்ப் வாங்கியாச்சு

பாளையங்கோட்டையில் எங்கள் ஸ்கா (ஜமைக்காவில் பிறந்த துள்ளல் இசை) குழுவுக்கு பேஸ் கிட்டாருக்கான ஆம்ப் தேடுகிறேன், 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்றா, 10 அங்குலம் நான்கா என்று இரண்டு மாதம் முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. கடைசியில் 500 வாட் கிளாஸ் டி ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத, எடை குறைந்த ஆம்ப்) ஒன்றும், இரண்டிரண்டு 10 அங்குல ஸ்பீக்கர் உள்ள, 8 ஓம் மின்தடை கொண்ட கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி) இரண்டும் எடுத்தோம்.

ஸ்காவில் கிட்டார் எதிர்த்தட்டில், அதாவது தாளத் தட்டுகளுக்கு நடுவில், வெட்டி வெட்டிப் போகும். பாட்டை நடத்திக்கொண்டு போவது பேஸ்தான். அதனால் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். மைக் செட் அண்ணாச்சி தந்த 15 அங்குலப் பெட்டியில் வாசித்தபோது ஹாலே அதிர்ந்தது. ஆனால் ட்ரம்பெட்டும் ட்ராம்போனும் சேர்ந்ததும் நான் வாசிப்பது எனக்கே குழம்பிவிட்டது. 15 அங்குலம் என்றாலே அப்படித்தான் என்று சொல்ல மாட்டேன், அது பழைய பெட்டி. இப்போது இரண்டு கேபினெட்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியதில் மேல் ஸ்பீக்கர் காதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஒலியைக் கூட்டாமலே தெளிவாகக் கேட்கிறது.

ஓம் கணக்கை விளக்கியவருக்குத் தனி நன்றி. 8 ஓம் இரண்டை இணையாகப் போட்டால் 4 ஓம். எங்கள் ஹெட் முழு 500 வாட்டையும் தருவது அப்போதுதான். சின்ன இடத்துக்கு ஒரு பெட்டியே போதும். அப்புறம், இணைப்புக்கு ஸ்பீக்கர் கேபிள்தான் போட வேண்டும். கிட்டார் கேபிள் மெல்லியது, சூடாகிவிடும்.

நேற்று வண்ணார்பேட்டையிலிருந்து மொத்தமும் ஒரே ஆட்டோவில் வந்து சேர்ந்தது.