ஸ்லைடு ஆடினால் மட்டமான துப்பாக்கியா?

டெக்ஸாஸில் இருக்கிறேன். அதற்கு முன்பு கோயம்புத்தூரில் டூல் ரூம் வேலை. அதனால் எந்தத் துப்பாக்கி கைக்கு வந்தாலும் முதலில் கண்ணில் படுவது கட்டர் ஓடிய தடம்தான். ரேஞ்சில் பழக்கமான ஒரு பெரியவர் தன் சேகரிப்பிலிருந்து இரண்டைக் கொண்டுவந்து காட்டினார்: லூகர் பி08 என்ற பழைய ஜெர்மன் பிஸ்டல் ஒன்று, இரண்டாம் உலகப் போர்க் காலத்து அமெரிக்க ராணுவ பிஸ்டல் எம்1911ஏ1 ஒன்று. பக்கத்தில் பிளாஸ்டிக் சட்டம் கொண்ட என்னுடைய கிளாக் 17.

லூகரைக் கையில் எடுத்தால் கீழே வைக்க மனசு வராது. கருநீல மெருகு, அதன் நடுவே ட்ரிக்கர் போன்ற சின்னப் பாகங்கள் மட்டும் வைக்கோல் நிறத்தில். பல பாகங்களில் வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் பொறித்திருக்கும். எல்லாம் ஒத்துப்போனால்தான் சேகரிப்பவர்கள் நல்ல விலை கொடுப்பார்கள். எனக்கு அந்த எண்களைப் பார்த்தால் ஃபிட்டர்தான் ஞாபகத்துக்கு வருகிறார். அரம் போட்டு அந்த ஒரு துப்பாக்கிக்கென்றே பொருத்தியிருக்கிறார்; வேறொரு லூகரின் பாகம் இதில் சரியாக ஓடும் என்று உத்தரவாதம் கிடையாது.

எம்1911ஏ1 நேர்மாறு. செய்தது ரெமிங்டன் ராண்ட், டைப்ரைட்டர் கம்பெனி. சாம்பல் பூத்த பாஸ்பேட் பூச்சு, கட்டர் கோடுகள் அப்படியே தெரியும். ஆட்டினால் கிலுகிலுப்பை மாதிரி சத்தம்: சுடும்போது பின்னால் போய் வரும் மேல்பாகமான ஸ்லைடு, கீழ்ச் சட்டமான ஃபிரேமின் மேல் ஆடுகிறது. பல கம்பெனிகள் செய்த பாகங்கள் ஒன்றுக்கொன்று மாற வேண்டும், சேற்றிலும் மணலிலும் ஓட வேண்டும் என்று விட்ட இடைவெளி அது. 1982-இல் ஆஸ்திரிய ராணுவம் எடுத்துக்கொண்ட கிளாக்கும் அதே வழிதான். அதைப் பிளாஸ்டிக் பொம்மை என்பவர்கள் இந்தப் பழசையும் ஒருமுறை ஆட்டிப் பார்க்கட்டும்.

நான் பார்ப்பது வேறு இடம். தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றி, தோட்டா உட்காரும் சேம்பர் காலி என்று உறுதி செய்துகொண்டு, ஸ்லைடு மூடிய நிலையில் குண்டு பாயும் குழலான பேரலின் பின்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்துவேன். அது அசையக் கூடாது. குறிபார்க்கும் சைட் இருப்பது ஸ்லைடில். ஸ்லைடுக்கும் பேரலுக்கும் பிடிப்பு சரியாக இருந்தால், ஃபிரேமில் கொஞ்சம் ஆட்டம் இருந்தாலும் குண்டு போக வேண்டிய இடத்துக்குப் போகும்.

அதற்காகப் புதுசெல்லாம் உசத்தி என்று சொல்லவில்லை. சமீபத்தில் கடையில் ஒரு புது 1911 (அதே எம்1911 வடிவம்) பார்த்தேன், கம்பெனி பெயர் வேண்டாம். ஸ்லைடு வழுக்கிக்கொண்டு ஓடியது, பளபளப்பு கண்ணைப் பறித்தது. ஆனால் சுத்தியல் மாதிரி அடிக்கும் ஹேமரில் அச்சுக்கோடு. உலோகத் தூளை அச்சில் வார்த்துச் சூளையில் சுட்டெடுக்கும் எம்ஐஎம் பாகம். ஹேமருக்கு அது போதும் என்பேன். சுட்ட தோட்டாவின் கூட்டை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டருக்குப் போதாது, 1911-இல் எக்ஸ்ட்ராக்டரே ஸ்பிரிங்காகவும் வேலை செய்கிறது, ஸ்பிரிங் எஃகில்தான் வேண்டும். இதில் எக்ஸ்ட்ராக்டர் எந்த வகை என்று கேட்டேன், கடைக்காரருக்குத் தெரியவில்லை. வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அரிசோனாவிலிருந்து இன்னொருவர்:

அண்ணே, கோல்ட் கம்பெனியின் பைத்தானையும் இதில் சேருங்கள். 1955-இல் வந்த ரிவால்வர்; அந்த நீல மெருகுக்கே தனி விலை. ஆனால் நிறையச் சுட்டால் டைமிங், அதாவது ஹேமரை இழுக்கும்போது தோட்டா போடும் சிலிண்டர் சரியான இடத்தில் வந்து நிற்பது, தவறும் என்ற பெயரும் அதற்கு உண்டு. காலி சிலிண்டரோடு ஹேமரை மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஹேமர் நிற்கும்போது சிலிண்டர் பூட்டியிருக்க வேண்டும். நான் விலை பேசிய ஒன்றில் பூட்டவில்லை. சரிசெய்யத் தெரிந்த ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. 2020-இல் மறுபடி வந்த பைத்தானில் உள்பாகங்களைக் குறைத்துவிட்டார்கள். முதலில் வந்தது ஸ்டெயின்லெஸ்தான், பழைய நீலம் இல்லை. வாரா வாரம் சுடுகிற எனக்கு அதுவே சரி.