கனடாவில் முதல் வசந்தமா? பிள்ளைகளோடு வழிகாட்டி நடை ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள்

ரொறன்ரோ பக்கம் குளிர்காலத்தில் வந்து இறங்கிய குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். பனி கரைந்துவிட்டது, பிள்ளைகள் மாதக்கணக்கில் அப்பார்ட்மென்டுக்குள்ளும் மோலுக்குள்ளும் அடைபட்டுக் கிடந்துவிட்டார்கள், இனி எங்கே கூட்டிக்கொண்டு போவது என்று பலர் கேட்கிறீர்கள். நயாகராவும் சிஎன் டவரும் எங்கேயும் ஓடிவிடாது, அவற்றை எப்போதும் பார்க்கலாம். இந்த ஏப்ரல், மே மாதங்களில் முதல் வேலையாக, வழிகாட்டி ஒருவர் கூட்டிச் செல்லும் காட்டு நடை ஒன்றுக்குப் பெயர் கொடுங்கள்.

தனியாகவே போகலாமே, காடு திறந்துதானே கிடக்கிறது என்று கேட்கலாம். போகலாம். ஆனால் புதிதாக வந்த குடும்பம் பாதை தொடங்கும் இடத்தில் நின்று உண்ணி, கயோட்டி என்ற ஓநாய் போன்ற விலங்கு, தொட்டால் தோல் அரிக்கும் பாய்சன் ஐவிச் செடி என்று வரிசையாக எழுதிவைத்த எச்சரிக்கைப் பலகையைப் படித்ததும், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பிக் காருக்குப் போவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். வழிகாட்டியோடு ஒன்றரை மணி நேரம் நடந்தால் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குத் தேவையில்லை என்பது கண்ணாலேயே விளங்கிவிடும். அடுத்த கிழமை நீங்களே தனியாகப் போவீர்கள். அந்தத் துணிவுதான் இதில் கிடைக்கும் பெரிய லாபம்.

எங்கே போவது? ஸ்காபரோ, மார்க்கம், பிக்கரிங், ஏஜாக்ஸ் பக்கம் இருப்பவர்களுக்கு ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காதான். 2015இல் அமைந்த, கனடாவின் முதல் தேசிய நகர்ப்புறப் பூங்கா இது. ஸ்காபரோவின் ஏரிக்கரையில் தொடங்கி வடக்கே அக்ஸ்பிரிட்ஜ் வரை ஏறத்தாழ 79 சதுர கிலோமீட்டர். நுழைவுக் கட்டணம் கிடையாது. தேசியப் பூங்காக்களைக் கவனிக்கும் அரசு நிறுவனமான பார்க்ஸ் கனடாவின் ஊழியர்கள் நடத்தும் இலவச நடைகள் இங்கே உண்டு, அட்டவணை அவர்களுடைய இணையதளத்தில் வரும், சிலவற்றுக்கு முன்கூட்டியே பதிய வேண்டும். கார் இல்லாதவர்கள் மிருகக்காட்சிசாலைக்குப் போகும் 86ஆம் இலக்க பஸ்ஸில் போனால் விஸ்டா பாதை பக்கத்தில்தான். ஓரளவு எளிதான பாதை, நடுவில் பள்ளத்தாக்கைப் பார்க்க ஒரு மேடையும் இருக்கிறது, சின்னப் பிள்ளைகளுக்கு நல்ல தொடக்கம். மாஸ்ட் பாதை செங்குத்தாக ஏறி இறங்கும், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நகரின் மற்றப் பக்கங்களில் இருப்பவர்கள் ரொறன்ரோ ஃபீல்ட் நேச்சுரலிஸ்ட்ஸ் என்ற சங்கத்தின் நடைகளைப் பாருங்கள். 1923இலிருந்து இயங்கும் தன்னார்வலர் சங்கம், ஆற்றுப் பள்ளத்தாக்குகள், ஏரிக்கரை, பழைய மரங்கள் என்று ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு நடை இருக்கும், உறுப்பினர் அல்லாதவர்களும் போகக்கூடிய நடைகள் உண்டு. நடத்துபவர்கள் பலர் ஓய்வுபெற்றவர்கள், தங்களுக்குப் பிடித்த விஷயத்தைக் கேட்க ஆள் கிடைத்தால் மணிக்கணக்கில் பொறுமையாகக் கதைப்பார்கள். ஆங்கிலம் தடுமாறுகிறதே என்று கூச்சப்பட்டு வீட்டில் நிற்காதீர்கள். அங்கே முக்கால்வாசி நேரம் விரலால் காட்டுவதும் காது கொடுத்துக் கேட்பதும்தான். பள்ளியில் வாய் திறக்காத பிள்ளை இங்கே தவளையைப் பார்த்துக் கேள்வி மேல் கேள்வி கேட்பதைப் பார்ப்பீர்கள்.

அவசரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. இங்கத்தைய வசந்தம் மிகக் குறுகியது, கிழமைக்குக் கிழமை காட்சி மாறும், இரண்டு கிழமை தள்ளிப்போட்டால் ஒரு பூவின் பருவமே முடிந்திருக்கும். காட்டுப் பூக்கள் ஏன் இவ்வளவு அவசரமாகப் பூக்கின்றன என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். மேலே மேப்பிள் மரங்கள் இலை விட்டுவிட்டால் தரைக்கு வெயில் வராது. அதனால் ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடுப்பகுதி வரை, மரங்கள் மொட்டையாக நிற்கும் அந்தச் சில கிழமைகளுக்குள் இவை முளைத்துப் பூத்து, அடுத்த ஆண்டுக்குத் தேவையான உணவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ட்ரில்லியம் என்ற மூவிதழ் வெள்ளைப் பூவை மாகாண அரசின் சின்னத்தில் பார்த்திருப்பீர்கள், 1937இலிருந்து ஒன்ராறியோவின் பூ அதுதான். விதை விழுந்து முதல் பூ பூக்க 7 முதல் 10 ஆண்டுகள் ஆகும். அந்த விதைகளைக் கொண்டுபோய்ப் பரப்புவது எறும்புகள். வாடும்போது வெள்ளை இதழ் இளஞ்சிவப்பாகும், அதனால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு நிறமும் தெரியும். பூவோடு அதன் கீழே உள்ள மூன்று இலைகளும் சேர்ந்து பிய்ந்து வந்துவிட்டால் செடிக்கு உணவு தயாரிக்க வேறு ஒன்றும் இல்லை, பல ஆண்டுகள் பூக்காமல் போகலாம், செத்தும் போகலாம். ஆகவே பிள்ளைக்கு ஆசையாக இருந்தாலும், சாமிப் படத்துக்கு வைக்க நன்றாக இருக்கும் என்று அம்மம்மா சொன்னாலும், பறிக்க வேண்டாம். தேசிய, மாகாணப் பூங்காக்களில் அது சட்டப்படியும் குற்றம். ரொறன்ரோ நகரப் பூங்காக்களிலும் செடி, பூ, கீரை எதையும் பிடுங்கக் கூடாது.

ஹை பார்க் செர்ரிப் பூக்களைப் பற்றி எல்லோரும் சொல்லியிருப்பார்கள். அங்கே முதல் மரங்கள் 1959இல் டோக்கியோ மக்களின் பரிசாக வந்தவை, அழகில் குறை சொல்ல முடியாது. ஆனால் உச்ச வாரத்தில் கூட்டம் தாங்காது. வாரநாளில் காலை எட்டு மணிக்கு முன்னால் பஸ், சப்வேயில் போக முடிந்தால் போங்கள். கிளையை இழுத்துப் பிடித்துப் படம் எடுக்காதீர்கள்.

பறவைகளுக்கு மே முதல் பாதி. தெற்கிலிருந்து இரவோடு இரவாக ஒன்ராறியோ ஏரியைக் கடந்து வரும் சின்னஞ்சிறு பறவைகள் களைத்துப்போய்க் கரையோரத்தில் இறங்கி ஓய்வெடுக்கும், அதனால்தான் ஏரிக்கரைப் பூங்காக்களில் அந்த நாட்களில் காலையிலேயே கழுத்தில் பைனாகுலரோடு ஆட்கள் நிற்பார்கள். லெஸ்லி ஸ்ட்ரீட் முனையில் இருக்கும் டாமி தாம்சன் பூங்கா இதற்கு அருமையான இடம், கட்டட இடிபாடுகளைக் கொட்டி உருவாக்கிய நிலம் இன்று நீர்க்காகங்கள் ஆயிரக்கணக்கில் கூடு கட்டும் இடமாகிவிட்டது. வாரநாட்களில் மாலை 4 மணிக்குப் பிறகும், சனி ஞாயிறுகளில் முழுநாளும் திறந்திருக்கும். நாய் கொண்டுபோகக் கூடாது. போவதற்கு முன் கைப்பேசியில் மெர்லின் என்ற இலவச ஆப்பை இறக்கிவையுங்கள், பறவையின் சத்தத்தைக் கேட்டே பெயர் சொல்லும், பிள்ளைகளுக்கு வேறு விளையாட்டே தேவைப்படாது. நான்கு மணி நேரம் கார் ஓட்டத் தயார் என்றால், பறவை பார்ப்பதற்குப் பெயர்போன பாயின்ட் பிலீ தேசியப் பூங்காவுக்கு மே மாதத்தில் ஒருமுறையாவது போக வேண்டும்.

தவளை கேட்கும் மாலை நடை என்று எங்காவது கண்டால் விடாதீர்கள். ஸ்பிரிங் பீப்பர் என்ற தவளை ஒரு அங்குலம்தான் இருக்கும், ஒரு குளம் முழுக்க அவை கத்தத் தொடங்கினால் பக்கத்தில் நிற்பவரிடம் கதைக்கவும் முடியாது. மே நடுவில் இரவு எட்டரை வரை வெளிச்சம் இருப்பதால் வேலை முடிந்து வந்தும் போகலாம்.

சரி, உண்ணி. இதைப் பற்றித்தான் அதிகம் பயப்படுகிறீர்கள், அதனால் விரிவாகச் சொல்கிறேன். லைம் என்ற பாக்டீரியா நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி ரூஜ் பள்ளத்தாக்கிலும் இருக்கிறது. அது பறக்காது, குதிக்காது, மரத்திலிருந்து விழாது. புல், புதர் நுனியில் காத்திருந்து உரசிப் போகும் ஆளில் தொற்றி ஏறும். ஆகவே பாதையின் நடுவில் நடப்பதே பாதிப் பாதுகாப்பு. நீளக் காற்சட்டை, அதன் கால்நுனியைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள், வெளிர் நிற உடுப்பு என்றால் ஊர்வது தெரியும். ஐகாரிடின் அல்லது டீட் உள்ள பூச்சி விரட்டி பூசுங்கள். பிள்ளைகளுக்கு 20 சதவீதம் வரையான ஐகாரிடின் நல்லது, ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இரண்டுமே வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் உடுப்பை நேராக ட்ரையரில் போட்டு அதிக சூட்டில் 10 நிமிடமாவது ஓட விடுங்கள். குளிக்கும்போது முழங்காலின் பின்புறம், கவட்டை, அக்குள், தொப்புள், காதின் பின்புறம், தலைமுடிக்குள் எல்லாம் பார்க்க வேண்டும், நீளமான பின்னல் என்றால் அவிழ்த்துப் பாருங்கள். இளம் உண்ணி கசகசா அளவுதான் இருக்கும். கடித்துக்கொண்டிருந்தால் எண்ணெய், மஞ்சள், நெருப்புக்குச்சி எதுவும் வேண்டாம். நுனி மெல்லிய ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக மேலே இழுத்து, அந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உண்ணியை ஒரு சின்னப் பையில் மூடி வைத்து, ஈடிக் என்ற தளத்துக்குப் படம் அனுப்பினால் என்ன இனம் என்று சொல்வார்கள்.

கருங்கால் உண்ணி நோயைக் கடத்தப் பொதுவாக 24 மணி நேரமாவது ஒட்டியிருக்க வேண்டும், ஆகவே அன்றே கண்டுபிடித்தால் ஆபத்து மிகக் குறைவு. ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தது போலத் தெரிந்தால், எடுத்த 72 மணி நேரத்துக்குள் மருந்தகத்துக்குப் போங்கள். 2023இலிருந்து ஒன்ராறியோவில் மருந்தாளரே இதற்கான தடுப்பு மருந்தை எழுதித் தரலாம், குடும்ப மருத்துவர் இன்னும் கிடைக்காத புதியவர்களுக்கு இது பெரிய உதவி. இன்னொன்று மிக முக்கியம்: 3 முதல் 30 நாட்களுக்குள் வரும் தடிப்பு வெள்ளைத் தோலில் சிவப்பாகப் பளிச்சென்று தெரியும், நம்முடைய தோலில் கருமையாகவோ காயம் கண்டியது போலவோ தெரியலாம், வளையம் வளையமாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. விரிந்துகொண்டே போகும் தடிப்போ, காய்ச்சலோ, அசதியோ வந்தால், காட்டுக்குப் போய் வந்ததை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள்.

பாய்சன் ஐவிக்கு ஒரு காம்பில் மூன்று இலை, நடு இலையின் தண்டு மற்ற இரண்டையும் விட நீளம், வசந்தத்துத் தளிர் செம்மையாகப் பளபளக்கும். அடையாளம் காட்டச் சொல்லி வழிகாட்டியிடம் கேளுங்கள், ஒருமுறை நேரில் பார்த்தால் மறக்காது. பட்டுவிட்டால் உடனே சோப்பும் குளிர்ந்த தண்ணீரும். தோளில் சிவப்புத் திட்டுள்ள கருங்குருவி தலைக்கு மேல் பாய்ந்து வந்தால் பக்கத்தில் அதன் கூடு இருக்கிறது என்று அர்த்தம், தொப்பியைப் போட்டுக்கொண்டு தாண்டிப் போய்விடுங்கள். குஞ்சுகளோடு நிற்கும் வாத்துக்கும் அப்படியே வழி விடுங்கள். தனியாகப் படுத்திருக்கும் மான்குட்டியைத் தொட வேண்டாம், தாய் பக்கத்தில்தான் மேய்ந்துகொண்டிருக்கும். இவை எல்லாவற்றையும் விட எனக்குக் கவலை ஆறுதான். ஏப்ரலில் பனி கரைந்த தண்ணீர் வேகமாக ஓடும், விழுந்தால் உடம்பு விறைத்துவிடும் அளவுக்குக் குளிராக இருக்கும், கரையும் இளகியிருக்கும். பிள்ளையின் கையை அங்கே விடவே கூடாது.

உடுப்பு விஷயத்தில் வெளியே வெயிலைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஏரிக்கரையில் நகரத்தை விடச் சில பாகை குளிர் கூட, ஏரித் தண்ணீர் இன்னும் சூடாகவில்லை. ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக் கழற்றக் கூடியதாக வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு ரப்பர் பூட்ஸ், பெரியவர்களுக்கு நனைந்தால் பரவாயில்லை என்ற பழைய சப்பாத்து. பாதையில் சேறு இருந்தால் ஓரமாகச் சுற்றிப் போகாமல் சேற்றுக்குள்ளாலேயே நடங்கள். ஓரத்தில்தான் பூக்கள், எல்லோரும் சுற்றிப் போனால் பாதை அகன்று அவை மிதிபட்டுப் போகும். மழை பெய்தாலும் பல நடைகள் நடக்கும், மழைக்கோட்டு கட்டாயம்.

அம்மா அப்பா ஊரிலிருந்து வந்திருந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள். பதிவுக் குறிப்பில் தூரம், ஏற்றம், ஸ்ட்ரோலர் போகுமா, கழிப்பறை உண்டா என்று போட்டிருக்கும், இல்லாவிட்டால் மின்னஞ்சலில் கேளுங்கள்.

செலவு குறைக்க வழிகள் உண்டு. பார்க்ஸ் கனடா இடங்களில் 17 வயது வரை நுழைவு இலவசம். நிரந்தர வதிவிடம் கிடைத்து ஐந்து ஆண்டுக்குள் இருப்பவர்கள் கனூ என்ற ஆப்பில் பதிந்தால் பூங்கா, அருங்காட்சியகம் என்று பல இடங்களுக்கு இலவசமாகப் போகலாம். சில நூலகங்களில் மாகாணப் பூங்காக்களுக்கான நாள் அனுமதியைப் புத்தகம் போலவே இரவல் எடுக்கலாம். கோடையில் கூடாரம் போட்டுத் தங்க ஆசை இருந்தால், பார்க்ஸ் கனடாவின் லேர்ன் டு கேம்ப் நிகழ்ச்சியில் எல்லாம் கற்றுத் தருவார்கள், வசந்தத்திலேயே அட்டவணையைப் பாருங்கள். மீன் பிடிக்க விருப்பமுள்ளவர்களுக்கு மே மாத அன்னையர் தின வார இறுதியில் கனடாவில் வசிப்பவர்கள் ஒன்ராறியோவில் உரிமம் இல்லாமலே தூண்டில் போடலாம், எத்தனை மீன், எந்த அளவு என்ற விதிகள் மட்டும் அன்றும் உண்டு.

கடைசியாகப் பதிவு பற்றி. குழந்தைகளையும் சேர்த்து ஆள் கணக்கைச் சரியாகக் கொடுங்கள், இருவருக்குப் பதிந்துவிட்டு மச்சான் குடும்பத்தையும் கூட்டிப் போனால் வழிகாட்டிக்குத்தான் சிரமம். உறவினர் எல்லோரும் சேர்ந்து ரொறன்ரோ நகரப் பூங்காவில் சமைத்துச் சாப்பிடும் திட்டம் என்றால் அது வேறு நாள், 25 பேருக்கு மேல் என்றால் நகரசபையின் அனுமதி எடுக்க வேண்டும். பதிந்த நடைக்குப் போக முடியாமல் போனால் முதல் நாளே ரத்துச் செய்யுங்கள், மே மாதத்து நடைகளுக்குக் காத்திருப்புப் பட்டியல் நீளம்.