பாலிமர் களிமண்ணில் படம் பாதிதான் ஒட்டுகிறது

கேள்வி: வெள்ளைப் பாலிமர் களிமண்ணில் (அவனில் சுட்டால் இறுகும் பிளாஸ்டிக் களிமண்) லேசர் பிரிண்ட் பதித்துத் தாளை உரித்தால் பாதி மை தாளோடு வந்துவிடுகிறது. ஓரத்தில் தங்க மைக்கா பவுடரும் (மினுமினுக்கும் பொடி) வேண்டும். எது முதலில்?

பதில் 1: உரிக்கவே கூடாதுங்க. படத்தை இடவலம் மாற்றி அச்சிட்டு, மைப்பக்கத்தைக் களிமண்மேல் கவிழ்த்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கரண்டி முதுகால் தேய்த்து 30 நிமிடம் விடுங்கள். பிறகு தண்ணீர் தொட்டு விரலால் மெதுவாக உருட்டினால் தாள் கூழாகி வந்துவிடும், டோனர் (லேசர் பிரிண்டரின் பொடி மை) தங்கிவிடும். இங்க்ஜெட் வேண்டாம், தண்ணீர் பட்டால் மை கலையும்.

பதில் 2: பவுடர் பிறகுதான். அடியில் பவுடர் இருந்தால் டோனர் பிடிக்காது. ஈரம் காய்ந்ததும், சுடுவதற்கு முன், உலர்ந்த பிரஷால் தடவுங்கள். சுடாத களிமண்ணின் பிசுபிசுப்பே போதும், பசை தேவையில்லை. முகக்கவசம் அவசியம். ஃபீமோ பிராண்டு களிமண் என்றால் 110 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சுடுங்கள். ஆறியபின் வார்னிஷ் பூசாவிட்டால் பவுடர் கையில் ஒட்டும்.