புதுப்பிப்பு: பழைய ஸ்லாவியா 1.5 மேனுவல் வாங்கியாச்சு

ஸ்கோடா ஸ்லாவியா காரில் புது 1.0 லிட்டர் டர்போவா, 2022 மாடல் பழைய 1.5 லிட்டரா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பொறுமையாகப் பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. 1.5 மேனுவலையே எடுத்தேன். 1.0 தரும் 115 பிஎஸ்ஸுக்கும் (குதிரைத்திறன்) இது தரும் 150 பிஎஸ்ஸுக்கும் உள்ள வித்தியாசம், மூன்றாவது கியரில் லாரியைத் தாண்டும்போதே தெரிந்துவிட்டது.

கைகொடுத்த யோசனை: "பானட்டைத் திறந்து ஃபெண்டர் (முன் சக்கரத்துக்கு மேல் உள்ள பக்கத் தகடு) போல்ட்டைப் பாருங்க." முதலில் பார்த்த வண்டி வெளியே பளபளப்பு. ஆனால் வலது பக்க போல்ட் இரண்டில் பெயிண்ட் உரிந்து ஸ்பேனர் தடம், அதாவது கழற்றி மாட்டிய அடையாளம். இடி வாங்கியதா என்று கேட்டதும் விற்பவர் பேச்சை மாற்றினார், வந்துவிட்டேன். இரண்டாவது வண்டியில் போல்ட் சுத்தம், ஆனால் நான்கு டயரிலும் 2022 தயாரிப்புத் தேதி, பழைய டயர்கள். டயர் மாற்றும் செலவைச் சொல்லி விலையைக் குறைத்தேன்.

எதிர்பாராதது ஆர்சி (வண்டியின் பதிவுச் சான்று). விற்பவர் வண்டிக் கடனை அடைத்து ஒரு வருடமாகியும் அதில் வங்கிப் பெயர் அப்படியே இருந்தது. வங்கியின் என்ஓசி (ஆட்சேபனையில்லாச் சான்று), கடன் பதிவை நீக்கும் படிவம் 35 கொடுத்து அதை நீக்கிய பிறகுதான் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 போட்டோம். மூன்று வாரம் போச்சு. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே ஆர்சியில் இதைப் பார்த்துவிடுங்கள்.