புதுப்பிப்பு: சால்வை வேண்டாம் என்றேனே, அந்த விழா

புதிதாக வந்த ஆசிரியர்களைச் சால்வை இல்லாமல் எப்படிப் பாராட்டலாம் என்று கேட்டிருந்தேன். அவிநாசி பக்கம் எங்கள் பள்ளியில் விழா முடிந்தது. சால்வையும் வந்தது, பெரியவர்கள் விடுவார்களா! ஆனால் நீங்கள் சொன்ன புத்தக அலமாரியும் கொடுத்தோம்.

ஒன்றாம் வகுப்பு டீச்சர் பனியன் துண்டுத் துணியில் உயிரெழுத்துகளையும் ஆய்த எழுத்தையும் தைத்து வைத்திருக்கிறார். ஃ மட்டும் மூன்று பித்தான்கள். பீகார், ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் தடவித் தடவிப் படிக்கிறார்கள்.

அப்புறம் பேச்சு பள்ளியின் எதிர்காலத்துக்குப் போனது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள் இருந்தால் போதும். “அஞ்சு வகுப்பை ரெண்டு பேர் எப்படிங்க பாக்கறது?” என்றார் டீச்சர். யாரும் வாய் திறக்கவில்லை. பிள்ளைகள் கூடினால்தான் ஆசிரியர்களும் கூடுவார்கள். அதனால் சேர்க்கையைக் கூட்ட, அந்தத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு (வரிசையாகக் கட்டிய வாடகை வீடுகள்) போகிறோம். இந்தி தெரிந்தவர்கள் கூட வாங்க.