பிளேட்டோவின் காதல் ஏணியில் ஆளுக்கு இடம் உண்டா?

கடலோடி:
கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோ ஒரு விருந்து உரையாடலாக எழுதிய 'சிம்போசியம்' முடித்தேன். அகத்தோன் என்ற நாடகாசிரியர் கி.மு. 416-இல் பரிசு வென்ற கொண்டாட்டம். நேற்றுக் குடித்ததே இன்னும் தெளியவில்லை, இன்றைக்கு அளவோடு இருப்போம் என்று சொல்லி, காதல் தெய்வம் ஈரோஸைப் புகழ்ந்து ஆளாளுக்குப் பேசுகிறார்கள். எல்லாம் சரி, தியோத்திமா என்ற ஞானப்பெண் சொன்னதாக, பிளேட்டோவின் ஆசான் சாக்ரடீஸ் சொல்லும் அந்தக் காதல் ஏணிதான் உறுத்துகிறது. ஓர் உடலின் அழகில் ஆரம்பித்து, எல்லா உடல்களின் அழகும் ஒன்றுதான் என்று உணர்ந்து, அப்புறம் உள்ளம், சட்டங்கள், அறிவு, கடைசியில் எந்தப் பொருளையும் சாராத அழகு என்பதே. இரண்டாம் படிக்கு வந்ததுமே, முதலில் விரும்பிய அந்த ஓர் உடலின் மேலுள்ள வேட்கையை அற்பம் என்று எண்ண வேண்டுமாம். அந்த ஆள் என்ன பாவம் செய்தார்? இதையா காதல் என்கிறீர்கள்?

வெண்ணிலா22:
உங்களுக்கு அதே விருந்தில் நகைச்சுவை நாடகாசிரியர் அரிஸ்டோஃபனீஸ் சொல்லும் கதைதான் பிடித்திருக்கும் போல. மனிதருக்கு ஆதியில் நான்கு கை, நான்கு கால், இரண்டு முகம். தேவர்களின் அரசன் ஜீயஸ் இரண்டாக வெட்டிவிட்டதால் மற்ற பாதியைத் தேடி அலைகிறோம். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது, எல்லோரும் பகிர்வதும் இதைத்தான். ஆனால் தியோத்திமா இதற்கு அதே நூலில் பதில் சொல்லிவிடுகிறாள்: கெட்டுப்போனது என்று தெரிந்தால் மனிதன் தன் சொந்தக் கை கால்களையே வெட்டிக்கொள்ளச் சம்மதிக்கிறான். ஆக, என்னுடைய பாதி என்பதற்காக யாரும் விரும்புவதில்லை, நல்லது என்பதற்காகத்தான் விரும்புகிறார்கள்.

பழையபேப்பர்:
இருவருமே பிளேட்டோவை விட்டு வெளியே வர மாட்டீர்களா? அவருடைய மாணவர் அரிஸ்டாட்டில் 'நிகோமாக்கிய அறவியல்' நூலில் இரண்டு பகுதிகளை நட்புக்கே ஒதுக்கியிருக்கிறார். பயனுக்காக, இன்பத்துக்காக, குணத்துக்காக என்று மூன்று வகை. முதல் இரண்டும் காரணம் தீர்ந்ததும் தீர்ந்துவிடும். மூன்றாவதில் நண்பனுக்கு நல்லது நினைப்பது அவனுக்காகவே. அதற்குக் காலம் பிடிக்கும், சேர்ந்து உப்பு தின்னாமல் ஒருவரை ஒருவர் அறிய முடியாது என்ற பழமொழியையும் சொல்கிறார். (உப்பிட்டவரை நினைக்கச் சொன்ன நமக்கு இது புதிதா என்ன.) கடலோடி கேட்கும் ஆள் இங்கேதான் இருக்கிறார்.

கடலோடி:
பழையபேப்பர் ஐயா, அங்கேயும் நல்ல குணம் இருந்தால்தானே இடம்? குணம் கெட்டு, திருத்தவும் முடியாது என்றால் விலகலாம் என்று அவரே சொல்கிறார். வெண்ணிலா, நீங்கள் சொல்லாமல் விட்ட ஆள் ஒருவர் உண்டு. விருந்தின் கடைசியில், சாக்ரடீஸை விரும்பிய ஏதென்ஸ் பிரமுகர் அல்சிபியாடீஸ் போதையில் உள்ளே நுழைகிறார். காதல் என்றால் என்ன என்றெல்லாம் பேசவில்லை, சாக்ரடீஸ் என்ற ஒரு மனிதரைப் பற்றித்தான் பேசுகிறார், இவரைப் போல இன்னொருவர் கிடையாது என்கிறார். ஓர் இரவு ஒரே போர்வைக்குள் படுத்தும் சாக்ரடீஸ் அசையவில்லை, தகப்பனோடோ அண்ணனோடோ தூங்கி எழுந்தது போல எழுந்தேன் என்று புலம்புகிறார். ஏணியில் மேலே போனவரிடம் மாட்டிய ஆளின் கதி இதுதான்.

வெண்ணிலா22:
அதே பேச்சை இன்னும் கொஞ்சம் படியுங்கள். பொடிடையா என்ற கிரேக்க நகரில் நடந்த போரில் காயம்பட்டுக் கிடந்த அல்சிபியாடீஸை விட்டுப் போகாமல் ஆயுதங்களோடு மீட்டுக் கொண்டுவந்தவர் யார்? வீரப் பரிசு சாக்ரடீஸுக்குத்தான் என்று அல்சிபியாடீஸே சொன்னபோது, இவனுக்குக் கொடுங்கள் என்று தளபதிகளை விடாப்பிடியாக வற்புறுத்தியது யார்? படுக்கையில் மறுத்ததை மட்டும் எடுத்துக்கொண்டு கல்நெஞ்சம் என்றால் எப்படி? அந்த இரவில் அல்சிபியாடீஸ் கேட்டது பண்டமாற்று, உடலைத் தருகிறேன் ஞானத்தைக் கொடு என்று. வெண்கலத்துக்குப் பொன்னை வாங்கப் பார்க்கிறாய் என்று சாக்ரடீஸ் முகத்துக்கு நேரே சொன்னார்.

பழையபேப்பர்:
அவனுக்காகவே அவனுக்கு நல்லது நினைப்பது! நான் சொன்ன மூன்றாவது வகைதானே இது, வெண்ணிலா? இதை ஏணியில் எந்தப் படியில் வைப்பீர்கள்?

கடலோடி:
எந்தப் படியிலும் வைக்க முடியாது. போர்க்களத்தில் காப்பாற்றியதை பிளேட்டோ எழுதியது தியோத்திமாவின் பாடத்தில் இல்லை, குடிகாரன் வாயில்.