தெப்பக்குளம் வீட்டுக் குரூப்பில் ஓதப் பஞ்சாயத்து

கவிதா (லெஸ்டர், இங்கிலாந்து): [போட்டோ] பெட்ரூம் மூலையைப் பாருங்க. துடைச்சுத் துடைச்சுக் கை ஓஞ்சுபோச்சு, மறுபடியும் கருப்பு. பாப்பாவுக்கு ராத்திரியானா இழுப்பு.

மாலா அத்தை: நம்ம புழக்கடைச் சுவர் ஐப்பசியில இப்படித்தான்டி ஓதம் அடிக்கும். சாம்பிராணி போடு.

கார்த்தி: இழுக்கிற குழந்தைக்குப் புகையா? வேண்டவே வேண்டாம் அத்தை.

பெரியப்பா: *பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது* கருப்புப் பூஞ்சை!! மூளையைத் தாக்கும்!! உடனே வீட்டைக் காலி செய்யவும்!!

கார்த்தி: பெரியப்பா, அது 2021 கொரோனா சமயத்துல வந்த மியூகார். சுகர் ஏறினவங்க, ஸ்டீராய்டு நிறையப் போட்டவங்களுக்கு வந்தது. சுவர்ல வர்றது வேற.

கவிதா: இங்கயும் ‘டாக்சிக் பிளாக் மோல்டு’, அதாவது விஷக் கருப்புப் பூஞ்சைன்னு பயமுறுத்துறாங்கடா. லேப்ல சோதிக்க விலை கேட்டா தலை சுத்துது.

கார்த்தி: அந்தக் காசை மிச்சம் பண்ணுக்கா. அமெரிக்காவுல கிளீவ்லேண்ட்ல 1993-94ல கைக்குழந்தைங்களுக்கு நுரையீரல்ல ரத்தக்கசிவு வந்தது. தண்ணியில ஊறின வீடுங்கள்ல ஸ்டாக்கிபாட்ரிஸ்னு ஒரு கருப்புப் பூஞ்சை இருந்ததால அதுமேல பழி விழுந்தது. 2000ல அமெரிக்க அரசோட நோய்த் தடுப்பு மையம் சிடிசியே திரும்ப ஆராய்ஞ்சுட்டு, நிரூபணம் ஆகலைன்னு சொல்லிடுச்சு. அதுக்குள்ள ‘டாக்சிக் பிளாக் மோல்டு’ங்கிற பேரு ஊர் பூரா பரவிடுச்சு.

பெரியப்பா: அப்ப பூஞ்சையால ஒண்ணும் ஆகாதுங்கிற?

கார்த்தி: ஐயோ, அப்படிச் சொல்லலை. ஓதம் பிடிச்ச வீட்ல ஆஸ்துமா, இருமல், இழுப்பு, சளித் தொற்று எல்லாம் அதிகம்னு உலக சுகாதார நிறுவனம் 2009லயே சொல்லியாச்சு. இவ்வளவு பூஞ்சை வரைக்கும் பரவாயில்லைன்னு அளவெல்லாம் கிடையாது. ஓதத்தை நிறுத்தணும். எந்தப் பூஞ்சைன்னு பேரைத் தெரிஞ்சுக்கிட்டு என்ன பண்ணப் போற? ஆனா மறதி, அசதி எல்லாத்துக்கும் பூஞ்சை விஷம்தான் காரணம்னு யூடியூப்ல மாத்திரை விக்கிறவங்களை நம்பிடாத.

சுந்தர் மாமா: வாடகை வீட்டு ஏஜென்ட் என்ன சொல்றான்மா?

கவிதா: நீங்க ரொம்ப சமைக்கிறீங்க, துணியை உள்ளயே காயப்போடுறீங்க, ஜன்னலைத் திறந்து வைங்கன்னு. ஜனவரி மாசத்துல!

மாலா அத்தை: ரசம் வெச்சா சுவர் கறுக்குமாமா 😡

கவிதா: இங்க ராச்டேல்ங்கிற ஊர்லயும் இதே பேச்சுதான் அத்தை. சூடான்லேர்ந்து வந்த குடும்பம். 2017லயே அந்த அப்பா பூஞ்சைன்னு சொல்லியிருக்கார், மேல பெயிண்ட் அடிச்சுக்கோன்னுட்டாங்க. 2020 டிசம்பர்ல பையன் போயிட்டான். அவாப் இஷாக், ரெண்டு வயசு.

மாலா அத்தை: 😢

கவிதா: வீட்டுப் பூஞ்சைதான் காரணம்னு 2022 நவம்பர்ல மரண விசாரணை அதிகாரி பதிவு பண்ணாங்க. அதுக்கப்புறம்தான் நாடே திரும்பிப் பார்த்தது.

கார்த்தி: ஒரு சாவுக்குக் காரணம்னு அதை எழுதி வெச்சதே பெரிய விஷயம்கா. எங்க ஓபியில மூச்சிரைப்புன்னு வந்தா சிகரெட்டைப் பத்திக் கேப்போம், சுவரைப் பத்தி எத்தனை பேர் கேக்கறோம்?

கவிதா: அவன் பேர்ல சட்டமே வந்துடுச்சு. 2025 அக்டோபர் 27லேர்ந்து நடைமுறை. அவசர ஆபத்துன்னா 24 மணி நேரத்துக்குள்ள சரி பண்ணணும். மத்தபடி மோசமான ஓதம்னா 10 வேலை நாளுக்குள்ள வந்து பாக்கணும், பாத்த 5 வேலை நாளுக்குள்ள ஆபத்தை நீக்கணும். ஆனா அது சோஷியல் ஹவுசிங்குக்குத்தான், அதாவது கவுன்சிலும் வீட்டுவசதி சங்கங்களும் குறைஞ்ச வாடகைக்கு விடுற வீடுங்களுக்கு. எங்களை மாதிரி தனியார் வாடகைக்கு இன்னும் வரலை.

சுந்தர் மாமா: அப்ப கையைக் கட்டிக்கிட்டு இருக்க வேண்டியதுதானா?

கவிதா: இல்ல மாமா, நம்ம மாநகராட்சி மாதிரி இங்க இருக்கிற கவுன்சிலோட சுகாதாரப் பிரிவுக்கு எழுதலாம். ஓதமும் பூஞ்சையும் அவங்க ஆபத்துப் பட்டியல்லயே இருக்கு. டாக்டர் சான்றிதழ் வரட்டும்னு ரிப்பேரைத் தள்ளிப் போடக் கூடாதுன்னு 2023ல அரசாங்கமே வழிகாட்டல் விட்டிருக்கு.

மாலா அத்தை: புகார் குடுத்தா காலி பண்ணுன்னுட்டா?

கவிதா: காரணம் சொல்லாம காலி பண்ணச் சொல்றது 2026 மே 1லேர்ந்து கிடையாது அத்தை.

கார்த்தி: எதுக்கும் தேதியோட போட்டோ எடுத்து வை. கூரை ஒழுகுதா, குழாய் கசியுதான்னு பாக்கச் சொல்லு. பாப்பா கட்டிலை அந்த ரூம்லேர்ந்து எடுத்துடு.

கவிதா: ஹால்ல போட்டாச்சு. மெயில்தான் எழுதிக்கிட்டிருக்கேன்.

பெரியப்பா: அனுப்பறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு காப்பி அனுப்பு. தாலுகா ஆபீஸ்ல காலம் பூரா மனு பாத்தவன், திருத்தித் தரேன்.